தேதி போயிற்றாம், பென்ஷனும் போயிற்றாம்!

சாத்தான்குளம் பக்கத்துக் கிராமங்களில், தூத்துக்குடி ஆலைகளில் உழைத்து ஓய்ந்த கிழவர்கள் பலர் இருக்கிறார்கள். "முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் வேண்டுமென்று உரிய காலத்தில் விருப்பம் தெரிவித்தாயா?" என்பதுதான் அவர்களிடம் வைப்புநிதி ஆபீஸ் கேட்கிற கேள்வி. அப்படி ஒரு விருப்பம் உண்டென்று எந்த நிர்வாகம் அவர்களுக்குச் சொல்லிற்று?

1995 நவம்பர் 16-ல் ஊழியர் பென்ஷன் திட்டம் வந்தது. முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவிகிதம் பென்ஷன் நிதிக்குப் போகும். ஆனால் சட்டம் ஒரு உச்சவரம்பு போட்டது: 5,000, பிறகு 6,500, 2014 செப்டம்பர் முதல் 15,000. வரம்புக்கு மேல் வாங்குகிறவர் முதலாளியோடு சேர்ந்து எழுதிக் கொடுத்தால்தான் முழுச் சம்பளமும் கணக்கில் ஏறும். சராசரிச் சம்பளம் 30,000, சர்வீஸ் 28 வருஷம் என்று வையுங்கள். சூத்திரப்படி பென்ஷன் 12,000. 15,000 வரம்போடு நின்றால் 6,000-க்கு மேல் போகாது. பாதி போயிற்று!

இமாச்சலப் பிரதேச சுற்றுலா வளர்ச்சிக் கழக ஊழியர்கள் ஓய்வுபெறும் தறுவாயில் இதைக் கேட்டார்கள். தேதி கடந்ததென்று கதவடைத்தார்கள். 2016 அக்டோபர் 4-ல் சுப்ரீம் கோர்ட், விதியில் உள்ள தேதி விருப்பம் தெரிவிப்பதற்குக் கெடு அல்ல என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2022 நவம்பர் 4-ல் வந்த தீர்ப்பு கோடு கிழித்தது: 2014 செப்டம்பர் 1-க்கு முன் விருப்பம் தெரிவிக்காமல் ஓய்வுபெற்றவருக்கு இல்லை; அன்று வேலையிலிருந்தவருக்கு 4 மாத அவகாசம். ஆகஸ்டு 31-ல் வீட்டுக்குப் போனவர் செய்த குற்றம் என்ன?

அந்த 4 மாதத்தின் யோக்கியதையையும் பாருங்கள். மூன்றரை மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 20-ல்தான் வைப்புநிதி நிறுவனம் சுற்றறிக்கை விட்டது. கூச்சல் எழுந்த பிறகு தவணை தவணையாக நீட்டி, ஜூலை 11-ல் தொழிலாளியின் கதவை மூடினார்கள். 17 லட்சம் பேருக்கு மேல் மனுச் செய்தார்கள். அவர்களுடைய சம்பள விவரத்தைப் பதிய வேண்டிய முதலாளிகளுக்கோ 2025 ஜனவரி 31 வரை வாய்தா! ஏட்டை வைத்திருப்பவன் தாமதித்தால் தவணை, கூலி வாங்கினவன் தாமதித்தால் தண்டனை.

வித்தியாசத் தொகையை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள். கணக்குப்படி அதைத் தப்பென்று நாம் சொல்லவில்லை. மகள் கல்யாணத்துக்கும் கடனுக்கும் செலவாகிவிட்ட வைப்புநிதியை மொத்தமாக எங்கிருந்து எடுப்பது? மாதப் பென்ஷனில் பிடித்துக்கொள்ளட்டும்.

வாழைத் தோட்டத்துக் கூலிக்கும் பனையேறும் தொழிலாளிக்கும் தவறவிட ஒரு தேதிகூடக் கிடையாது. முதியோர் பென்ஷனை 2023-ல் 1,000-லிருந்து 1,200 ஆக்கினார்கள். ஆலைத் தொழிலாளிக்கு 2014-ல் வகுத்த குறைந்தபட்சப் பென்ஷனும் 1,000-தான். இருவர் கோரிக்கையும் ஒன்றாகவே எழ வேண்டும்.

2014-க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கும் விருப்பம் தெரிவிக்கும் உரிமை கொடுத்துச் சட்டத்தைத் திருத்து என்று பாராளுமன்றத்தைக் கேட்கிறோம். மனு நிராகரிக்கப்பட்ட தோழர்கள் அந்த உத்தரவைக் கிழித்துப்போட வேண்டாம். பழைய சம்பளச் சீட்டு, வைப்புநிதிக் கணக்குச் சீட்டு, எது கையிலிருந்தாலும் எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள்.