சைக்கிள்காரனுக்குப் பளு எதற்கு?

சைக்கிளில் நெடுந்தூரம் செல்ல விரும்புகிறவன் என்ன செய்ய வேண்டும்? “மேலும் மேலும் மிதிக்க வேண்டும், வேறென்ன?” என்பதே பொதுஜன அபிப்பிராயம். பளுத் தூக்குவது மல்லர்களுக்கு உரிய காரியம் என்றும், சைக்கிள்காரன் அதில் இறங்கினால் உடம்பு பருத்து, மேட்டில் ஏற மாட்டாமல் திண்டாடுவான் என்றும் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சற்றே தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் 1891-ல் முதன்முதலாக நடந்தது. ஏறக்குறைய 1,200 கிலோ மீட்டரை ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி நேரத்துக்குச் சற்று மேலாகக் கடந்து முதலில் வந்தார். இன்று அது பந்தயமாக இல்லாமல், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் பிரயாணமாக இருக்கிறது. அதிகபட்ச அவகாசம் 90 மணி. அதற்குத் தகுதி பெற விரும்புவோர் 200, 300, 400, 600 கிலோ மீட்டர்ப் பிரயாணங்களை முடித்துக் காட்ட வேண்டும். இத்தகைய பிரயாணங்கள் சென்னை, கோயமுத்தூர் முதலிய நம் நகரங்களிலிருந்தும் நடைபெறுகின்றன. இருநூறு கிலோ மீட்டருக்குக் கிடைக்கும் அவகாசம் பதின்மூன்றரை மணி.

இனிக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 4,800 சுற்று. மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் 1,200 கிலோ மீட்டருக்கு 60 மணி. ஆகவே ஒவ்வொரு காலும் 2,88,000 தடவை மிதிக்க வேண்டும்! ஒரு மிதிக்கு வேண்டிய பலம் அற்பந்தான். ஆனால் அந்த அற்பம் நம் முழுப் பலத்தில் எத்தனை பங்கு என்பதே கேள்வி. மாதம் நூறு ரூபாய் வருவாயுள்ளவனுக்கு முப்பது ரூபாய்க் கடன் பெருஞ்சுமை. இருநூறு வருவாயுள்ளவனுக்கு அதே கடன் தாங்கக்கூடியது. பளுப் பயிற்சி கடனைக் குறைப்பதில்லை, வருவாயை உயர்த்துகிறது.

நம் தசைகளில் மெதுவாக வேலை செய்து நெடுநேரம் சலியாத நார்களும் உண்டு. விரைந்து வேலை செய்து விரைவில் களைக்கும் நார்களும் உண்டு. முதல் வகை வலுவடைந்தால் இரண்டாம் வகையை உதவிக்கு அழைக்க வேண்டிய நேரம் தள்ளிப் போகிறது என்று உடலியல் அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

இதை நார்வே தேசத்தில் ரோனெஸ்டாட் என்பவரும் அவருடைய தோழர்களும் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். நன்கு பழகிய சைக்கிள் வீரர்களில் ஒரு சாரார் தம் வழக்கமான சவாரியோடு, 12 வாரம், வாரம் இருமுறை, கால்களுக்குக் கனமான பளுப் பயிற்சியும் செய்தார்கள். மற்றொரு சாரார் சவாரி மட்டும் செய்தார்கள். பிறகு இரு சாராரும் 185 நிமிஷம் நிதானமாக மிதித்துவிட்டு, உடனே ஐந்து நிமிஷம் முழு மூச்சுடன் மிதித்தார்கள். பளுத் தூக்கியவர்கள் அந்த ஐந்து நிமிஷத்தில் முன்னைவிடச் சுமார் 7 சதவிகிதம் அதிக ஆற்றலைக் காட்டினார்கள். நிதான சவாரியின் கடைசி ஒரு மணி நேரத்தில் அவர்களுக்குப் பிராணவாயுவும் குறைவாகவே தேவைப்பட்டது. உடம்பு பருக்குமே என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. நெடுநேர சவாரியே தசை பருப்பதைக் கட்டுப்படுத்திவிடுகிறது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சைக்கிளில் நம் உடம்பு ஆசனத்தில் அமர்ந்திருக்கிறது. எலும்புகளுக்கு நடையிலும் ஓட்டத்திலும் கிடைக்கும் அதிர்ச்சி இல்லை. ஆகவே வருஷக்கணக்காகச் சவாரி மட்டுமே செய்கிறவர்களின் முதுகெலும்பு, நெஞ்சு உரமாக இருக்கும்போதே, உரம் குறைந்து போகக்கூடும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தசையும் தானாகவே தேயத் தொடங்குகிறது. மூச்சு வலுத்து, எலும்பு மெலிந்தால், ஒரு சிறு வீழ்ச்சியே பெருந்துன்பமாகிவிடும். இது பெண்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

என்ன செய்யலாம்? நம் பெரியவர்கள் எடுத்த பஸ்கியே முதற்பாடம். வெறும் உடம்போடு குந்தி எழுவது இலகுவான பின், தோளில் பளுவைத் தாங்கிக் குந்தி எழலாம். ஒற்றைக் காலால் படியேறுதல், நுனிக்காலில் எழும்புதல், முதுகு வளையாமல் தரையிலிருந்து பளுவை எடுத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக் கொள்க. வாரம் இரு தினங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று சுற்று போதும். முதலில் பத்துத் தடவை தூக்கக்கூடிய பளு. சில மாதங்களில் நாலைந்து தடவைக்கு மேல் தூக்க முடியாத பளு. பழகியவர் ஒருவர் அருகிருந்து முறையைத் திருத்துவது அவசியம். நெடும் பிரயாணங்கள் நடக்கும் பருவத்தில் வாரம் ஒருமுறை செய்தாலே சேர்த்த பலம் பெரும்பாலும் நிற்கும். நெடும் பிரயாணத்துக்கு முந்திய தினம் பளுவைத் தொட வேண்டாம். முழங்கால் வலித்தால் முதலில் ஆசனத்தின் உயரத்தைச் சரிபாருங்கள். தவறான ஆசனத்தைப் பஸ்கி திருத்தாது. இருதய நோயோ முதுகு நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

வாரத்தில் இரண்டு முக்கால் மணி நேரந்தான் நாம் கேட்பது. இருபது வயது மகன் வேகத்துக்காகச் செய்யட்டும். ஐம்பது வயதுத் தகப்பனாரும் தாயாரும் எழுபதிலும் பிறர் கைகொடுக்காமல் எழுந்து நிற்பதற்காகச் செய்யட்டும். பயிற்சி இருவருக்கும் ஒன்றே, பளுதான் வேறு.