ஒளிபரப்பியவருக்கே சொந்தமா?

அண்ணல் அம்பேத்கரின் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? எழுத்தைச் சொல்லவில்லை, குரலைச் சொல்கிறேன். கேட்டிருந்தால் அது பெரும்பாலும் 1955இல் பிபிசி வானொலிக்கு அவர் அளித்த பேட்டியாகத்தான் இருக்கும். காந்தியைப் பற்றி எந்தப் பூசிமெழுகலும் இல்லாமல் அவர் பேசியது. ஏப்ரல் 14 நெருங்கினால் அது துண்டு துண்டாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். சிலர் அடியில் தமிழ் வரிகள் சேர்த்துப் போடுவார்கள். எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் அதை ஒலிக்கவிட்டால், ஆங்கிலம் புரியாத பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்கிறார்கள்.

அந்தக் குரல் யாருக்குச் சொந்தம்?

நூல்களைப் பொறுத்தவரை கணக்கு எளிது. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் பதிப்புரிமை காலாவதியாகிவிடும். அண்ணல் மறைந்தது 1956 டிசம்பர் 6. ஆகவே அவர் வாழ்நாளில் வெளிவந்த நூல்களை 2017 ஜனவரி 1 முதல் யாரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மலிவு விலையில் ஊர் ஊராக விற்கலாம். ஆனால் ஒலிபரப்பான பேச்சு நூல் மாதிரி இல்லை. நூல் ஆயிரம் பிரதியாக ஆயிரம் வீட்டில், நூலகத்தில் இருக்கும். ஒலிபரப்பின் மூலநாடா ஒலிபரப்பிய நிறுவனத்தின் அலமாரியில் இருக்கும். 1954 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியில் தன் வாழ்க்கைத் தத்துவம் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றில் அடங்கும் என்றும், அவற்றைப் புத்தரிடமிருந்தே பெற்றதாகவும் அண்ணல் பேசினார். அந்த உரை எத்தனை முறை நூல்களில் அச்சாகியிருக்கிறது! ஒலியாக நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இந்த அலமாரிக்கு உலக அளவில் இன்னொரு பூட்டுப் போடும் முயற்சி கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஜெனீவாவில் நடந்துவருகிறது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில், அதாவது வைப்போவில், பதிப்புரிமைக்கென ஒரு நிலைக்குழு இருக்கிறது. 1998இல் அது கூடத் தொடங்கிய நாளிலிருந்து 'ஒளிபரப்பு நிறுவனங்களைப் பாதுகாக்கும் ஒப்பந்தம்' அதன் நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. நம் நாளிதழ்கள் இதை எழுதுவதில்லை, தொலைக்காட்சிகள் பேசுவதில்லை. அவர்கள் பேசாததில் ஆச்சரியம் என்ன, ஆதாயம் அவர்களுக்குத்தானே.

கேட்பது என்ன? 1961இல் ரோமில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. நடிப்பவர், பாடுபவர், இசைத்தட்டுத் தயாரிப்பவர், ஒலிபரப்புபவர் ஆகியோருக்குக் குறைந்தது 20 ஆண்டு உரிமை என்றது. இந்தியா அதில் கையெழுத்திட்டது, ஆனால் உறுதிசெய்து உறுப்பினராகவில்லை. 1996இல் கலைஞர்களுக்கும் இசைத்தட்டுத் தயாரிப்பாளர்களுக்கும் புதிய ஒப்பந்தம் கிடைத்தது. விட்டுப்போன ஒளிபரப்பு நிறுவனங்கள் 'எங்களுக்கும் வேண்டும்' என்று வரிசையில் நின்றன. 2004இல் குழுத் தலைவர் தயாரித்த ஒருங்கிணைந்த வரைவைப் பார்த்தால் அவர்கள் ஆசையின் அளவு தெரியும். தாங்கள் ஒளிபரப்பியதைப் பிறர் மறுஒளிபரப்பு செய்யக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அதைப் பதிவுசெய்வது, பதிவை நகலெடுப்பது, நகலைப் பரப்புவது, இணையத்தில் கிடைக்கச் செய்வது எல்லாவற்றுக்கும் அவர்கள் அனுமதி வேண்டும். 50 ஆண்டுகளுக்கு. அமெரிக்கா ஒருபடி மேலே போய் இணையத்தில் ஒளிபரப்புபவர்களுக்கும் இதே உரிமை வேண்டும் என்றது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா இன்றுவரை ரோம் ஒப்பந்தத்தில் உறுப்பினர் இல்லை. அந்த ஒப்பந்தம் இல்லாமலேதான் அங்கே தொலைக்காட்சித் தொழில் உலகை ஆளுமளவு வளர்ந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சண்டை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நிகழ்ச்சி வேறு, அதைச் சுமந்து வரும் சிக்னல் வேறு. நிகழ்ச்சியை உருவாக்கியவருக்கு ஏற்கெனவே பதிப்புரிமை உண்டு. அதில் ஆடிப் பாடியவருக்குக் கலைஞர் உரிமை உண்டு. ஒளிபரப்பு நிறுவனமே தயாரித்த நிகழ்ச்சி என்றால் அதற்கும் தயாரிப்பாளர் என்ற முறையில் பதிப்புரிமை உண்டு. இப்போது கேட்பது இவை எல்லாவற்றுக்கும் மேலே, 'நான் சுமந்து வந்தேன்' என்ற ஒரே காரணத்துக்காக இன்னொரு உரிமை. கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றி வந்த லாரிக்காரர் வாடகை கேட்கலாம். வழியில் யாராவது மூட்டையைத் திருடினால் புகார் கொடுக்கலாம். அந்தக் காயை வாங்கிப் போனவர் வீட்டில் என்ன குழம்பு வைக்க வேண்டும் என்று 50 ஆண்டுக்குச் சொல்ல முடியுமா?

பதிப்புரிமை முடிந்து பொதுச்சொத்தான படைப்பு ஒளிபரப்பானாலும், அந்த ஒளிபரப்பிலிருந்து எடுத்த நகலின் மீது நிறுவனத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிடும். ஒவ்வொரு மறுஒளிபரப்புக்கும் காலக்கணக்கு புதிதாகத் தொடங்குமா என்ற கேள்வியை விமர்சகர்கள் திரும்பத் திரும்ப எழுப்பினார்கள். 'ஒளிபரப்பிலிருந்து எடுக்காதே, மூலத்திலிருந்து எடுத்துக்கொள்' என்பது ஆதரவாளர்களின் பதில். திரைப்படத்துக்கு அந்தப் பதில் பொருந்தலாம். மூலமே அவர்கள் அலமாரிக்குள் இருக்கும் பேட்டிக்கு, போராட்டக் காட்சிக்கு, பொதுக்கூட்டப் பதிவுக்கு நாம் எங்கே போவது?

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரலைத் திருட்டு நிஜமான பிரச்சினை. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றன. அவ்வளவு பணம் போட்டவர், போட்டி நடக்கும்போதே யாரோ ஓர் இணையதளக்காரர் சிக்னலைத் திருடி விளம்பரக் காசு பார்ப்பதைத் தடுக்கக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு இப்போதே வழி இருக்கிறது. தொடர் ஆரம்பிக்கும் முன்பே நீதிமன்றம் போய், முகம் தெரியாத திருடர்களுக்கு எதிராகத் தடை வாங்கிவிடுகிறார்கள். பெயர் தெரியாத பிரதிவாதிக்கு 'அசோக் குமார்' என்று பெயர் வைப்பது நம் நீதிமன்றங்களின் வழக்கம். (நாட்டில் எத்தனை அசோக் குமார்கள் ஒரு பாவமும் அறியாமல் இருக்கிறார்களோ!) நேரலை முடிந்ததும் திருட்டின் சேதமும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்கு மருந்தாக அரை நூற்றாண்டு உரிமை கேட்பது, மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவது.

இந்த உரிமை யார் கைக்குப் போகிறது என்பதுதான் சமூகவியல் படித்த என்னை அதிகம் உறுத்துவது. 1995இல் உச்ச நீதிமன்றம், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில், வான் அலைகள் பொதுச்சொத்து என்று சொன்னது. அந்தப் பொதுச்சொத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழ், தொலைக்காட்சி, இணையதளம், இதழ் என எல்லாமாகச் செய்தித் தலைமைப் பொறுப்புகள் 121ஐ எடுத்துப் பார்த்தார்கள். 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. எதைப் படம்பிடிப்பது, எதை ஒளிபரப்புவது, எதை வெட்டி எறிவது என்பதை முடிவு செய்யும் மேசையில் நாம் இல்லை. ஒளிபரப்பிய பிறகு அதைத் திரும்பப் பயன்படுத்துவதற்கும் அதே மேசையிடம்தான் அனுமதி கேட்க வேண்டும் என்றால், ஒரே வாசலில் இரண்டு முறை நிற்க வைப்பதாகிவிடும்.

ஒளிபரப்பு என்றால் பெருமுதலாளி மட்டும்தானா என்று கேட்கலாம். தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே மாச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008 முதல் இயங்குகிறது. விதை, மழை, பாட்டு, வீட்டு வைத்தியம் என்று தங்கள் மொழியில் பேசும் வானொலி. இப்படிப்பட்ட நிலையங்களின் கவலை தங்கள் நிகழ்ச்சியை யாரோ நகலெடுப்பது அல்ல. தன் பகுதியில் நடக்கும் வன்கொடுமையைக்கூடச் சொந்தச் செய்தியாகச் சொல்ல இந்தியச் சமுதாய வானொலிகளுக்கு அனுமதி கிடையாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். சின்ன ஒலிபரப்பாளரின் வாய்ப்பூட்டைப் பற்றி ஜெனீவாவில் ஒரு வரியும் இல்லை. பெரிய ஒளிபரப்பாளரின் அலமாரிப் பூட்டைப் பற்றி மட்டும் இத்தனை ஆண்டுப் பேச்சு.

பறை இசைக் கலைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிக்குக் குழுவைக் கூப்பிடுவார்கள். போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவின் அண்ணன், தாங்கள் வாசித்த பகுதியைத் தொலைக்காட்சியிலிருந்தே எடுத்துத் தன் பக்கத்தில் போட்டார். இரண்டாம் நாள் அது பதிப்புரிமைப் புகாரில் காணாமல் போனது. அடி அவருடையது, தோல் அவருடையது, வியர்வை அவருடையது. திரையின் மூலையில் இருந்த முத்திரை மட்டும் அவருடையது இல்லை. எந்தத் தொலைக்காட்சி என்பது இங்கே முக்கியமில்லை. இன்றைய சட்டத்திலேயே இப்படி. புதிய ஒப்பந்தம் வந்தால், புகார் கொடுக்கப் படைப்பின் உரிமைகூட வேண்டாம், ஒளிபரப்பியதே போதும்.

செய்திக் காட்சிகளிலும் இதே கதைதான். 2025 மே மாதம் யூடியூபர்கள் சிலர், சில விநாடிக் காட்சிகளைப் பயன்படுத்தியதற்காக ஏஎன்ஐ செய்தி நிறுவனம் புகார் கொடுத்துவிட்டுப் பெருந்தொகை கேட்கிறது என்று குற்றஞ்சாட்டினார்கள். தன் உரிமையைச் சட்டப்படி காப்பதாக நிறுவனம் சொன்னது. யூடியூப் விதிப்படி 90 நாளில் மூன்று புகார் நிலைத்தால் சேனலே போய்விடும். அந்த நிலையில் 'இது நியாயமான பயன்பாடு' என்று வாதாட யாருக்குத் துணிவு வரும்? வழக்கறிஞர் வைக்கும் வசதி இருந்தால்தானே! கொடுமை நடந்ததற்கு ஆதாரமாகச் செய்திக் காட்சிகளைத் தொகுத்து வைப்பவர்கள், தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு தலைவர் சொன்ன பொய்யை வெட்டி எடுத்துக் காட்டுபவர்கள், இவர்களுக்கெல்லாம் இது வாழ்வா சாவா கேள்வி.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு ஏற்கெனவே 25 ஆண்டு உரிமை தருகிறது. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் கேட்பது 20தான்; நாம் ஐந்தாண்டு கூடுதலாகவே கொடுத்துவிட்டோம். கூடவே 39ஆம் பிரிவு சொந்தப் பயன்பாடு, கற்பித்தல், ஆராய்ச்சி, நடப்புச் செய்தி, விமர்சனம் ஆகியவற்றுக்கு விலக்குத் தருகிறது. நம் மாதிரி ஆட்கள் ஊன்றி நிற்பது இந்த ஒரு பிரிவின் மேல். வைப்போ வரைவுகளில் உரிமைகள் 'உண்டு' என்று இருக்கும். விலக்குகள் மட்டும் நாடுகள் விரும்பினால் 'தரலாம்' என்று இருக்கும். ஒரு பக்கம் கட்டாயம், மறுபக்கம் விருப்பம். இதோடு மின்னணுப் பூட்டுகளை உடைப்பது குற்றம் என்ற விதியும் சேர்ந்தால், தாளில் இருக்கும் விலக்கு இயந்திரத்தில் இருக்காது.

இந்தியா இதில் நல்ல பங்கு ஆற்றியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 2006இல் இந்தியா, பிரேசில் போன்ற நாடுகளின் எதிர்ப்பால், சிக்னலைப் பாதுகாப்பதோடு நிற்கும் அணுகுமுறை வேண்டும் என்று வைப்போ பொதுச்சபை முடிவெடுத்தது. 2007 இறுதியில் நடக்கவிருந்த ஒப்பந்த மாநாடு, உடன்பாடு இல்லாததால் கைவிடப்பட்டது. ஆனால் விஷயம் சாகவில்லை. அண்மை ஆண்டு வரைவுகள் 'சிக்னல்' என்று பேசினாலும், உள்ளே போய்ப் பார்த்தால் பதிவுசெய்யும் உரிமை, சேமித்து வைத்த நிகழ்ச்சிகளை இணையத்தில் தருவதன் மீதான உரிமை எனப் பழைய சரக்கு திரும்பி வருகிறது.

இதே குழுதான் பார்வையற்றோருக்கான மராக்கேஷ் ஒப்பந்தத்தையும் தயாரித்தது. 2009இல் பிரேசில், ஈக்வடார், பராகுவே முன்வைத்தன, 2013இல் நிறைவேறியது, 2014 ஜூனில் உலகிலேயே முதல் நாடாக இந்தியா உறுதிசெய்தது. நான்கே ஆண்டுதான். உரிமையை விரிப்பதற்கு மட்டுமல்ல, அணுகலை விரிப்பதற்கும் சர்வதேச ஒப்பந்தம் போட முடியும் என்று அந்தக் குழுவுக்கே தெரியும்.

இந்தியா சார்பில் இதைக் கவனிப்பது வணிக அமைச்சகத்தின் கீழுள்ள தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை. ஒளிபரப்பு நிறுவனங்களின் சங்கங்கள் அங்கே போய்ப் பேசும். நாமும் எழுத வேண்டும். நேரலைத் திருட்டைத் தடுப்பதோடு ஒப்பந்தம் நிற்க வேண்டும். பதிவான பிறகு புதிய உரிமை எதுவும் கூடாது. பொதுச்சொத்தான படைப்பின் மேல் எந்தப் பூட்டும் கூடாது. விலக்குகள் 'தரலாம்' அல்ல, 'தர வேண்டும்'. நம் 39ஆம் பிரிவில் கைவைக்காமல் இருக்க இந்த நான்கும் வேண்டும்.

வைப்போ தன் ஆவணங்களை ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபி, சீனம், ரஷ்யன் என ஆறு மொழிகளில் வெளியிடுகிறது. தமிழில் நாம்தான் செய்ய வேண்டும். வரைவின் முக்கியப் பிரிவுகளை மட்டும் மொழிபெயர்க்க நானும் இரண்டு நண்பர்களும் உட்கார்ந்திருக்கிறோம். சட்டம் படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் தந்தால் வேலை விரைவாக முடியும்.