மை கலந்து கொடுத்தவள்

சென்ற பருவத்தில் முதுகலை ஆங்கில இலக்கிய மாணவர்களின் தேர்வுத் தாள்களைத் திருத்தும் வேலை எனக்கு வந்தது. ஆய்வு மாணவர்கள் தலையில் இப்படிச் சில்லறை வேலைகள் விழுவது வழக்கம்தான். டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) நாவலிலிருந்து ஒரு கேள்வி: சேத்தேயின் பாத்திரப் படைப்பை விளக்குக. பத்து மதிப்பெண். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் நிறைகள், வலப்பக்கம் குறைகள் என்று எழுதியிருந்தது. குறைகளில் முதலாவது: பெற்ற மகளைக் கொன்றாள்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குப் பேனா ஓடவில்லை. நாவலுக்குள்ளேயே இப்படி ஒரு தாள் இருக்கிறது. கெண்டக்கிப் பண்ணையின் பொறுப்புக்கு வரும் வெள்ளையனுக்குப் பெயர் கிடையாது. 'ஸ்கூல்டீச்சர்' என்றே அழைக்கிறார்கள். அடிமைகளின் தலையையும் மூக்கையும் நூல் பிடித்து அளக்கிறான், பல்லை எண்ணுகிறான். சேத்தேயின் மனித குணங்களை ஒருபுறமும் விலங்கு குணங்களை மறுபுறமும் எழுதச் சொல்லிப் பாடம் நடத்துகிறான். அவனுடைய உறவுப் பையன்கள் அவளைப் பிடித்துவைத்து முலைப்பாலை உறிஞ்சும்போது பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கிறான். அவன் எழுதிய மையைக் கலந்து கொடுத்தவள் சேத்தே. ஆண்டுகள் பல கழிந்தும் அவளை அரித்துக்கொண்டிருப்பது அது.

சாட்டையோடு ஒரு கொடூரனை நிறுத்துவது எளிது. மாரிசன் ஓர் ஆய்வாளனை நிறுத்தினார். இந்த ஆளை நமக்கும் தெரியும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதி வாரியாக மூக்கை அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளாகப் புத்தகம் போட்டார். யாருடைய மூக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'இலக்கிய உத்திகள்' கேள்விக்கு எல்லாத் தாள்களிலும் ஒரே பதில்: சேத்தேயின் முதுகுத் தழும்பு மரமாக உருவகிக்கப்பட்டுள்ளது. சரிதான். ஆனால் அதை மரம் என்று முதலில் சொன்னது ஏமி என்ற வெள்ளைக்காரப் பெண். தன் முதுகைத் தானே பார்க்க முடியாத சேத்தே அந்தச் சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள். பால் டி ஒரு கட்டத்தில், இது மரமே இல்லை, வெறும் தழும்பு என்று நினைக்கிறான். நாவலே சண்டைபோடும் உருவகத்தை நாம் இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிறோம்.

'சேத்தே செய்தது நியாயமா?' என்றும் கேட்கிறார்கள். இந்தக் கதைக்கு வித்தான மார்கரெட் கார்னர் 1856 ஜனவரியில், உறைந்துகிடந்த ஒஹாயோ ஆற்றைக் குடும்பத்தோடு கடந்தார். பிடிக்க வந்தபோது மகள் ஒருத்தியைக் கொன்றார். அடிமைமுறையை எதிர்த்தவர்களே அவர்மீது கொலை வழக்கு நடத்தச் சொல்லிப் போராடினார்கள். கொலைக்குற்றம் சாட்டினால் அவர் மனுஷி என்று ஒப்புக்கொண்டதாகும். 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவரை உடைமையாகக் கருதித் திருப்பி அனுப்பினார்கள். நியாயமா என்ற கேள்வியைக்கூட அவருக்குத் தரவில்லை.

அந்த மாணவருக்கு ஏழு மதிப்பெண் போட்டேன். கேள்வி அப்படி, அவர் என்ன செய்வார்? அடுத்த தேர்வுக்கு நான் எழுதிக் கொடுத்த கேள்வி இது: 'ஸ்கூல்டீச்சரின் குறிப்பேட்டுக்கும் நாம் எழுதும் பாத்திரப் படைப்புக்கும் என்ன வேறுபாடு?' விடைக்குறிப்பு இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஓர் அட்டவணை இருக்கிறது. பாத்திரம், கருப்பொருள், உத்தி என மூன்று கட்டங்கள். நெறியாளர் அது இருக்கட்டும் என்கிறார். இன்னும் நீக்கவில்லை.