மலைப்பாதையில சைக்கிள்... அந்த அமைதி யாருக்குச் சொந்தம்?

சனிக்கிழமை காலையில் உங்கள் இன்ஸ்டா ஃபீடில் அந்த ரீல் கட்டாயம் வந்திருக்கும். பனிமூட்டம், ஈர ரோடு, இரண்டு பக்கமும் மரங்கள், நடுவே ஒரே ஒரு சைக்கிள். கீழே 'லொகேஷன் ப்ளீஸ்' என்று வரிசையாக கமென்ட். அதில் ஒன்று நீங்கள் போட்டதாகக்கூட இருக்கலாம்.

கேட்பதில் தப்பே இல்லை. ஆனால், அந்த ரோடு ஏன் காலியாக இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நம்ம ஊரில் ஒரு மலைப்பாதை சும்மா காலியாக இருக்காது பாஸ். ஒன்று, அங்கே காரை நிறுத்தி செல்ஃபி எடுக்க 'பாயின்ட்' எதுவும் இருக்காது. இல்லையென்றால், யாரோ எங்கேயோ ஒரு கேட்டைப் போட்டு வண்டிகளைத் தடுத்து வைத்திருப்பார்கள். இந்த இரண்டாவது காரணம்தான் கடந்த இரண்டு வருடங்களில் தமிழ்நாட்டின் மலை ரோடுகளையே மாற்றிக்கொண்டிருக்கிறது.

2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயமானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. 2025 கோடை சீசனில் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்களுக்கும் இது பொருந்தாது. மலை எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஆய்வு செய்யும் வேலை சென்னை ஐ.ஐ.டி-க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்-முக்கும் போனது.

இ-பாஸ் தேவைதான். மே மாதத்தில் பர்லியாறு பக்கம் டிராஃபிக்கில் நின்று கிளட்ச் கருகும் வாசனையை அனுபவித்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால், நீலகிரியில் இடம் கிடைக்காத கார் அந்த வாரம் வீட்டு ஷெட்டிலேயே நின்றுவிடுமா என்ன? லீவு போட்டாச்சு, பசங்க ஸ்வெட்டர் எடுத்து வெச்சாச்சு. அந்தக் கார் ஏற்காட்டுக்குப் போகும், ஏலகிரிக்குப் போகும், வால்பாறைக்குப் போகும். வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. ஒரு மலைக்குப் பூட்டுப் போட்டால் கூட்டம் அடுத்த மலைக்கு நகர்கிறது. அந்த 'அடுத்த மலை'தான் இத்தனை நாளும் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சொர்க்கமாக இருந்தது.

கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை இருப்பதால், ஏறும்போது மனசுக்குள் கவுன்ட் டவுன் ஓடும். வளைவின் உள்பக்கம்தான் ஏற்றம் செங்குத்தாக இருக்கும், வெளிப்பக்கமாகச் சுற்றினால் கால் கொஞ்சம் மூச்சு விடும். காலி ரோட்டில் இதைச் செய்யலாம். வார இறுதியில் செய்ய முடியாது. அதே 70 வளைவுகளை எத்தனை நிமிடத்தில் ஏறினோம் என்று ரீல் போடும் பைக்குகள் அந்த வெளிப்பக்கத்தில்தான் பாய்ந்து வரும். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு ரோடு இருக்கிறது, வளைவுகள் குறைவு. பிரபலம் குறைவு என்பதால் நிம்மதி அதிகம்.

ஏற்காட்டிலும் இதே கதைதான். சேலம் அடிவாரத்திலிருந்து 20 வளைவுகளோடு போகும் ரோட்டைத்தான் எல்லோருக்கும் தெரியும். பின்பக்கம் குப்பனூர் ரோடு இருக்கிறது. ஏற்றம் கடுமை, மழைக்காலத்தில் மண் சரிவு பயம் உண்டு. ஆனால், சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே உங்கள் செயின் சத்தம் உங்களுக்கே கேட்கும். திண்டுக்கல் பக்கம் சிறுமலை, 18 வளைவுகள்தான். முதன்முதலாக மலை ஏறுகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். மேலே போய் மலைவாழைப்பழம் இரண்டு சாப்பிட்டால் எனர்ஜி ஜெல் எல்லாம் எதற்கு என்று தோன்றும்.

இந்த மலைகள் எதுவும் புலிகள் காப்பகம் அல்ல. அதனால் கேட்டும் கம்மி, விதிகளும் கம்மி. காப்பகத்துக்குள் போகும் ரோடு என்றால் கணக்கே வேறு. சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு போகும் வழியில் திம்பம், 27 வளைவுகள். 2022 பிப்ரவரியிலிருந்து அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை. முதுமலையைத் தாண்டினால் வரும் பந்திப்பூர் காட்டு ரோட்டில் 2009-லிருந்தே இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி ஓடக் கூடாது. ரோட்டில் அடிபட்டுச் சாகும் விலங்குகளுக்காக வந்த தடைகள் இவை.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். நமக்குப் பிடித்த நேரம் காலை 5 மணி. வெயில் இல்லை, லாரி இல்லை. யானைக்கும் அதே நேரம்தான் பிடிக்கும், அதே காரணத்துக்காக. பைக் வந்தால் தூரத்திலேயே சத்தம் கேட்டு யானை ஒதுங்கவாவது வாய்ப்பு உண்டு. சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது. வளைவு திரும்பினால் நேருக்கு நேர். இரண்டு பேருக்குமே அதிர்ச்சி, அதில் ஒருவருக்கு மட்டும்தான் ஹெல்மெட் தேவை. 'சைக்கிள் இயற்கைக்கு நண்பன், நம்மளை எதுக்குத் தடுக்கணும்' என்று குரூப்பில் அடிக்கடி ஒரு வாதம் வரும். புகை விஷயத்தில் சரி. காட்டு ரோட்டில் விடியற்காலை என்றால், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செக்போஸ்ட்டில் காவலர் 'இப்ப போகாதீங்க தம்பி' என்றால் டீ குடித்துவிட்டு உட்காருங்கள். காலையின் முதல் அரசு பஸ் போகட்டும், அதன் பின்னால் கிளம்புங்கள். ரோட்டில் சூடு ஆறாத லத்தி, புதிதாக ஒடிந்த மூங்கில் தெரிந்தால் திரும்பிவிடுங்கள், ஸ்ட்ராவா எங்கேயும் ஓடிவிடாது.

இன்னொரு உண்மையையும் பேசியாக வேண்டும். கொல்லிமலைக்கு சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள்? பின்னால் கேரியர் மாட்டிய காரில். ஐந்து பேர், மூன்று கார். மலைமேல் நாம் அமைதியைத் தேடுகிறோம், அடிவாரத்தில் நாமே டிராஃபிக். இ-பாஸ் வண்டிகளைத்தான் எண்ணுகிறது, ஆட்களை அல்ல. 50 பேரை ஏற்றி வரும் பஸ் என்றாலும் ஒருவர் மட்டும் வரும் எஸ்யூவி என்றாலும் எண்ணிக்கையில் அது ஒரு வண்டிதான். ரயிலிலோ பஸ்ஸிலோ சைக்கிளோடு வந்து இறங்குவதற்கு ஒழுங்கான வசதி செய்து கொடுத்தால், அந்த எண்ணிக்கையிலிருந்து சில நூறு கார்களாவது தானாகவே கழியும். ஆனால், கூட்டக் கட்டுப்பாடு பற்றிய பேச்சில் சைக்கிள் என்ற வார்த்தையே காதில் விழுவதில்லை. இத்தனைக்கும் 2008-லேயே 'டூர் ஆஃப் நீல்கிரீஸ்' என்று நாடு முழுக்க சைக்கிள்காரர்களை இழுத்த மலை நம்முடையது.

இத்தாலியின் டோலமைட்ஸ் மலையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். செல்லா மலைத்தொடரைச் சுற்றி நான்கு கணவாய்களை இணைக்கும் ரோடு இருக்கிறது. வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் காலையிலிருந்து மதியம் வரை அங்கே மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது, சைக்கிள் மட்டும்தான். இதை அப்படியே ஊட்டிக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. கொல்லிமலை விவசாயிக்கு மிளகும் பலாவும் இறக்குவதற்கு அந்த ரோடுதான், பிரசவ வலி வந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்கும் அதே ரோடுதான். நம்முடைய ரைடுக்காக அதை அடைக்கச் சொல்வது அநியாயம். ஆனால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 6 முதல் 9 வரை, சுற்றுலா வண்டிகளை மட்டும் அடிவாரத்தில் நிறுத்தி வைக்கலாமே? உள்ளூர் வண்டிகளையும் பஸ்ஸையும் விட்டுவிட்டு, வெளியூர் வண்டிகளை மட்டும் பிரிக்கும் வேலையை இ-பாஸ் செக்போஸ்ட்டுகள் ஏற்கெனவே செய்துகொண்டுதானே இருக்கின்றன?

அதுவரை? சனி, ஞாயிறை விட்டுவிடுங்கள், ஒரு நாள் லீவு போடுங்கள். மலை ரோட்டில் இடம் போதாத இடத்தில், இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது சட்டம். ஆனால், கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும், அங்கே சட்டம் பேசாமல் கீழேயே ஓரமாக நில்லுங்கள். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், விட்டு விட்டுப் பிடியுங்கள். ரிம் சூடானால் டியூப் வெடிக்கும்.

ஒரே ஒரு ரூட் சொல்லு என்றால், ஜவ்வாது மலை. ஆலங்காயத்தில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போங்கள். வழியில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. இருட்டும் தெளிந்த வானமும் வேண்டும் என்று விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த இடம் அது. மேலே சாமை அரிசி வாங்கலாம், பீமன் அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுப் போகலாம். ரீல் போட்டால் மட்டும், தயவுசெய்து லொகேஷனை டேக் பண்ணாதீங்க.