தரவு குவிகிறது, பணியிடம் எங்கே?

பத்தாயிரம் இந்தியரின் மரபணுத் தொகுதித் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. பரீதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையம் அவற்றைக் காத்து வருகிறது. மகிழ்ச்சியே! ஆனால் அவற்றைப் படித்துப் பொருள் சொல்லப் போகிறவர்கள் யார்? முனைவர் பட்டம் பெற்ற இளைஞர்கள்தாமே! அவர்களில் பலருக்குக் கிடைப்பது, திட்டம் முடிந்தால் தானும் முடிந்துபோகும் ‘ரிசர்ச் அசோசியேட்’ வேலை. 2023 முதல் அதன் தொடக்க உதவித்தொகை மாதம் 58,000 ரூபாய். தொகையைவிட என்னை உறுத்துவது காலவரம்புதான். பிழை களைந்து, கணிப்பொறி நிரல் எழுதித் தரவை ஒழுங்குசெய்யவே ஆண்டுகள் ஆகின்றன. அந்த உழைப்பு ஆய்வுக் கட்டுரையில் முதற்பெயராக அச்சேறுவது அரிது. ஆகவே நேர்காணலிலும் எடுபடுவதில்லை. (கட்டுரைகளை எண்ணுவது எளிது, நிரலைப் படிப்பது கடினமன்றோ!) கட்டடத்துக்கும் கணிப்பொறிக்கும் பணம் ஒதுக்கும்போதே, இவர்களுக்கு நிரந்தரப் பணியிடங்களையும் அரசு ஒதுக்குதல் வேண்டும். ஒப்பந்தத்தில் வந்தவர் போனபின், அவர் எழுதிய நிரலைத் திருத்த யார் இருப்பார்?