கரை கடந்த புயல்

கம்பம் பள்ளத்தாக்கிற் பிறந்து வளர்ந்த யாம் கடலைக் கண்ணாற் கண்டது கல்லூரிக்கு வந்த பின்னரே. மேற்கே நெடுமலை, இடையே முல்லையாறு, ஆற்றின் இருமருங்கும் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும், இவையே எம் உலகம். அத்தகைய யாம் கடற்புயலைப் பற்றி எழுதப் புகுந்தது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். குறிஞ்சியில் வாழ்வார்க்கு நெய்தலின் துயர் பற்றிப் பேச என்ன உரிமை என்று எம் தோழர் வினவலாம். அவ்வினாவிற்கு விடையிறுத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், விடியுமுன், ‘கஜா’ என்னும் புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே நிலம் புகுந்தது. யாம் அப்பொழுது பள்ளிச் சிறுவர். ‘புயல் கரையைக் கடந்தது’ என்று காலைச் செய்தியிற் கேட்டதும், எம் வீட்டார் ஆறுதலாக மூச்சுவிட்டனர். கடந்தது எனின் கழிந்தது என்றே யாமும் பொருள் கொண்டோம். ஆனால், கரையைக் கடந்த புயல் எங்கே சென்றது? தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. திண்டுக்கல் வழியே மேற்கு நோக்கி வந்து மலையை முட்டியது. கொடைக்கானல் மலையிற் பெருமழை பொழிந்தது. பின்னர்ச் சேரநாட்டைக் கடந்து அரபிக்கடல் புகுந்தது. அன்று மாலை எம் ஊரிலும் காற்று எழுந்தது. மறுநாட் காலையில், குலை ஈன்ற வாழைகள் சில சாய்ந்து கிடக்கக் கண்டோம். கடலே காணாத எம் பள்ளத்தாக்கிற்குக் கடல் தன் தூதரை விடுத்தது போலும்!

‘கரை கடந்தது’ என்னும் தொடரைச் சற்றே ஆராய்வோம். கடலில் நின்று நோக்குவார்க்கு அது முடிவு. நிலத்தில் வாழ்வார்க்கோ அதுவே தொடக்கம். சொல் ஒன்றுதான்; அதனைக் கேட்பார் நிற்குமிடம் வேறு. வானிலை ஆய்வுத் துறையார் இதனை அறியாதவர் அல்லர். அவர்கள் தம் எச்சரிக்கையை நான்கு படிகளாக வகுத்துள்ளனர். முதலது, மூன்று நாளைக்கு முன்னரே ஆட்சியாளர்க்கு அறிவிப்பது. இரண்டாவது, நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கு முன் விடுப்பது. மூன்றாவது, இருபத்துநான்கு மணி நேரத்திற்கு முன் விடுப்பது. நான்காவது, புயல் நிலம் புகுதற்குப் பன்னிரண்டு மணி முன்னரே, அது புகுந்தபின் உள்நாட்டில் எவ்வழிச் செல்லும், என்ன செய்யும் என்று கூறுவது. இந்நான்காம் படியைக் கருத்தூன்றிக் கேட்டவர் நம்முள் எத்தனை பேர்?

ஈண்டு எம் குறை ஒன்றையும் மறையாது கூறுதல் வேண்டும். கஜா வீசிய பின், யாம் பயின்ற பள்ளியில் துணிகள் திரட்டினோம். வீட்டில் எவை வேண்டாவோ அவற்றை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தோம். கிழிந்த சட்டையும், கரை படிந்த விரிப்பும், யாருக்கும் பொருந்தாத கம்பளிச் சட்டையும் அம்மூட்டைகளில் இருந்தன. அவை கடற்கரை ஊரொன்றில், மழையில் நனைந்து, சாலையோரம் கிடந்தமையைப் பின்னர் அவ்வழி சென்று வந்த உறவினர் ஒருவர் கூறக் கேட்டு நாணினோம். கொடுத்தோம் என்னும் பெருமை எமக்கு வந்தது. பெற்றோம் என்னும் நிறைவு அவர்க்கு வரவில்லை. அழிவு வந்தபின் இரங்குதல் எளிது. வருமுன் உடன்நின்று காத்தல் அரிது. நாம் எளியதனையே அறமென மயங்கி வாழ்கிறோம் என்பதே எம் கருத்து.

சென்ற ஆண்டு இராமேசுவரத் தீவிற்குச் சென்றிருந்தபோது தனுஷ்கோடியைக் கண்டோம். இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர்களின் ஊடே காற்று மட்டும் வழிபாடு நடத்துகின்றது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட புகைவண்டி, நூற்றுக்கு மேற்பட்ட மக்களைத் தாங்கித் தனுஷ்கோடியை நெருங்கியது. நிலையத்தை அடையுமுன் கடல் எழுந்து வண்டியை விழுங்கிற்று. முன்னே கடல் பொங்குகின்றது என்னும் சொல் அவ்வண்டியை எட்டவில்லை. அந்நகரம் மீண்டும் நகரமாகவே இல்லை.

அஃது அறுபது ஆண்டுகட்கு முந்திய கதை என்று ஒதுக்கற்க. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘ஒக்கி’ப் புயல் குமரிமுனை அருகே மிக விரைந்து வலுப்பெற்றபோது, குமரி மாவட்ட மீனவரும் கேரள மீனவரும் பலர் ஆழ்கடலில் இருந்தனர். அவர்கள் கரையை விட்டுப் பல நாட்களாயின. கரையில் முழங்கிய ஒலிபெருக்கி அவர்கள் செவிக்கு எட்டுமோ? இரு மாநிலங்களிலுமாக இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதன் பின்னரே, செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடற் படகுகளுக்குச் செய்தி விடுக்கும் கருவிகள் வழக்கிற்கு வந்தன. அறிவு இருந்தும், அது சேரவேண்டிய செவியைச் சேராவிடின், அவ்வறிவால் யாருக்கு என்ன பயன்?

இனி, சேர்ந்த இடத்து நிகழ்ந்ததனையும் காண்போம். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாக் கரையிற் புகுந்த பெரும்புயலால் ஏறத்தாழப் பதினாயிரம் மக்கள் மாண்டனர். அம்மாநிலத்தார் அழுது அமர்ந்திலர். கடற்கரை நெடுகப் புயற் புகலிடங்கள் கட்டினர். ஊர்தோறும் இளைஞரைப் பயிற்றினர். புயல் இல்லாத நாளிலும் ஒத்திகை நடத்தினர். 2013-ஆம் ஆண்டு ‘பைலின்’ வந்தபோது, ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்னரே பாதுகாப்பான இடங்கட்குச் சென்றனர். பதினாயிரங்களில் எண்ணிய சாவு, அம்முறை பத்துகளில் எண்ணத்தக்கதாயிற்று. காற்று இரக்கம் கொண்டதன்று, மக்கள் விழித்துக்கொண்டனர்.

வங்கதேசத்தின் கதை இன்னும் வியக்கத்தக்கது. 1970-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாட் புயலில், மூன்று இலட்சத்திற்குக் குறையாத மக்கள் அந்நாட்டில் மடிந்தனர். அதன்பின், அவ்வறிய நாடு பெருஞ்செல்வத்தை நம்பவில்லை. தன் மக்களையே நம்பிற்று. கொடியும் ஒலிபெருக்கியும் ஏந்தி வீடுவீடாகச் சென்று, ‘எழுங்கள், வாருங்கள்’ என்று அழைக்கும் தொண்டர் படை அமைத்தது. இன்று அப்படையில் எழுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர் உளர். அவருட் பெண்கள் பலர். செய்தியைக் கருவி சுமக்கலாம். நம்பிக்கையை மனிதரே சுமத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

புயலிற் கொல்லுவது காற்று என்று நம்மவர் எண்ணுகின்றனர். மிகப் பலரைக் கொல்லுவது நீரே. பெருங்காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளுகின்றது. ஆழமில்லாத கரையில் அந்நீர் ஒதுங்க இடமின்றி மேலே எழுகின்றது. ஓதம் ஏறும் வேளையும் உடன்கூடின், தென்னை உயரத்திற் பாதியளவும் நீர் உள்ளே புகும். பின்னர்ப் புயலின் கண் வந்து சேரும், காற்று அடங்கும், வானமும் சிறிது தெளியும். புயல் ஒழிந்தது என்று மக்கள் வெளிவருவர். அப்பொழுது காற்று எதிர்த்திசையினின்று மீண்டும் பாயும். இவ்விரண்டையும் அறியாமையால் மாண்டவர் எண்ணிலர். அறிந்திருத்தற்குப் பெருநூல் கற்க வேண்டுவதில்லை. ஒரு நாழிகைப் பேச்சுப் போதும்.

ஆனால், எம்மொழியிற் பேசுவது? தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு இதுவே தலையாய வினாவாகத் தோன்றுகின்றது. துறைமுகங்களிற் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகின்றனர். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உள. பதினொன்றாம் எண், செய்தித் தொடர்பே அற்றுப்போயிற்று என்பதைக் குறிப்பது. மாலுமிக்கு இவை விளங்கும். மீன் கூடை சுமந்து தெருவிற் செல்லும் தாய்க்கு விளங்குமோ? ‘மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர்’ என்பது ஓர் எண். ‘உம் ஓட்டுக்கூரை நில்லாது, தென்னை முறியும்’ என்பது ஓர் உண்மை. ‘கடல் மட்டம் ஒரு மீட்டர் உயரும்’ என்பது ஓர் அளவு; ‘கோயில் திடலில் இடுப்பளவு நீர் நிற்கும், விளக்கேற்றும் முன்னரே பள்ளிக்கூடத்திற்கு வந்துவிடுங்கள்’ என்பது ஓர் அழைப்பு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றிற்குத் திசைதோறும் பெயரிட்டு அழைத்த மக்கள் நம் கடற்கரையார். அவர்தம் சொல்லாலேயே எச்சரிக்கை அமைதல் வேண்டும். தமிழ் கற்பார் செய்தற்குரிய தொண்டு ஏட்டில் மட்டுமோ? ஓர் ஊரின் பேச்சை அறிந்து, அதில் ஓர் எச்சரிக்கையைத் தெளிவாக எழுதித் தருதலும் தமிழ்த்தொண்டே என்று யாம் துணிகின்றோம்.

‘மீனவர்க்குக் கடலைப் பற்றி மலைநாட்டு மாணவர் கற்பிப்பதா?’ என்று கேட்பார் உளர். கற்பிக்கச் செல்லுதல் வேண்டா. கற்கவும் கைகொடுக்கவும் செல்லுவோம். அழைப்பு வந்தும் வீட்டை விட்டு அகலாதாரை அறியாமை உடையார் என்று பழித்தல் எளிது. அவர் ஏன் அகலவில்லை? படகும் வலையும் கடன்பட்டு வாங்கியவை. ஆட்டையும் மாட்டையும் யாரிடம் விடுவது? பூட்டிய வீட்டிற்குக் காவல் யார்? புகலிடத்திற் பெண்களுக்குத் தனியே ஒதுங்குமிடம் உண்டா? சாதி பார்த்து ஒதுக்குவார் அங்கும் இருப்பரோ? சென்ற முறை அஞ்சி ஓடினோம், புயல் வேறு வழி போயிற்று. இம்முறையும் அவ்வாறே ஆகாதென்று என்ன உறுதி? இவ்வினாக்களுக்கு விடை தராமல் ‘வெளியேறுக’ என்று கட்டளையிடுதல் எங்ஙனம் பயன்தரும்? விடை தரவேண்டிய காலம் காற்று வீசும் இரவு அன்று. அதற்கு மூன்று திங்கள் முந்திய வெயிற்காலம்.

ஆதலின், எம் வேண்டுகோள் இது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிற் பிறக்கின்றது. அதற்கு முன், ஒவ்வோராண்டும், நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், கடற்கரை ஊர் ஒன்றைத் தம் ஊராகக் கொண்டு, ஒரு வாரம் அங்குத் தங்குதல் வேண்டும். நடக்கவியலா முதியோர் எவர், கருவுற்ற மகளிர் எவர், கண் தெரியாதார் எவர், இவரை யார் யார் தூக்கிச் செல்வது என்று ஊராரோடு இருந்து பட்டியல் எழுதலாம். புகலிடத்தின் திறவுகோல் யாரிடம் உள்ளது, விளக்கு எரிகின்றதா, குடிநீர்த் தொட்டி கசிகின்றதா என்று பார்க்கலாம். குடும்ப அட்டை, நிலப்பத்திரம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை நீர்புகா உறையிற் கட்டிக் கொடுக்கலாம். படகுகளை மேட்டிலேற்றிக் கட்டும் ஒத்திகைக்குத் தோள் கொடுக்கலாம். ஊர்ச் சிறுவர்க்குப் புயலின் கண்ணைப் பற்றிக் கதை சொல்லலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. காலமும் பணிவுமே வேண்டும். அவ்வூராரும் மற்றொரு வாரம் நம் பள்ளத்தாக்கிற்கு வருக. மலைச்சரிவிற் பெருமழை பெய்தால் மண் சரியும், காட்டாறு பெருகும் என்பதை அவரிடமிருந்து நாமும், நம்மிடமிருந்து அவரும் கற்போம்.

நமக்கும் கடற்கரைக்கும் உறவில்லை என்பார், வைகையைக் கேட்கட்டும். மேல்கடலுக்குச் சென்றுகொண்டிருந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கீழ்த்திசைக்குத் திருப்பினார் பென்னிகுயிக். 1895-ஆம் ஆண்டில் நிறைவெய்திய அவ்வணையின் நீரே எம் வயல்களை நனைத்து, முல்லையாறாக ஓடி, வைகையொடு கலக்கின்றது. அவ்வைகை மதுரையையும் இராமநாதபுரத்தையும் நோக்கிச் சென்று, எஞ்சியது ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலை நாடுகின்றது. எம் ஊர்களில் இன்றும் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் எனப் பெயரிடுவார் உளர். ஏன்? பஞ்சம் வந்தபின் கஞ்சி ஊற்றியதற்காக அன்று. பஞ்சம் வாராமற் காக்க முன்னே உழைத்ததற்காக. அந்நன்றியறிதல் உண்மையாயின், அவ்வாறு முன்னே உழைத்தலையும் நாம் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

திருமறையில், நோவா பேழையைக் கட்டத் தொடங்கியது மழை பெய்யும் நாளில் அன்று. எகிப்திலே யோசேப்பு தானியம் சேர்த்தது விளைவு மிகுந்த ஆண்டுகளில். இருவரையும் நாம் விசுவாச வீரர் என்று போற்றுகின்றோம். அவர்தம் விசுவாசம் மரம் அறுத்தது, களஞ்சியம் கட்டியது, கணக்கு எழுதியது. வாளா முழந்தாளிட்டு இருந்துவிடவில்லை. சிற்றாலயத்திற் காலைதோறும் கடலிற் செல்வோர்க்காக மன்றாடும் நாம், அம்மன்றாட்டிற்குக் கையும் காலும் அளித்தல் கடனன்றோ?

அடுத்த புயலுக்கு எப்பெயர் வரும், எக்கரையில் வரும் என்பதை யாம் அறியோம். வரும் என்பதை மட்டும் அறிவோம். அது வரும்போது, நம் கல்லூரியில் மூட்டை கட்டும் பழைய துணி இல்லாது போகலாம், ஆயினும், கடற்கரையூர் ஒன்றில், முதியவள் ஒருத்தியைத் தோளிற் சுமந்து புகலிடம் சேர்க்கும் இளைஞன், ‘உன் பெயர் பட்டியலில் மூன்றாவது, ஆத்தா, மறக்கவில்லை’ என்று சொல்வானாயின், அதுவே நாம் செய்த உதவி. தோழர்காள்! வெயில் காய்கின்ற இந்நாளே அதற்குரிய நாள். எழுமின்.