ரெஜிஸ்டர் ஆயிடுச்சு, சரி... நிலம் யாரோடது?

நம்மில் நிறைய பேருக்கு ஒரே கனவுதான். பெங்களூரோ துபாயோ போய்ச் சம்பாதிக்கணும், ஊர்ல ஒரு இடம் வாங்கணும். தப்பே இல்லை. ஆனா அந்தப் பணம் வீட்டுக்கு வந்ததும் தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் வருவார், அவசரமா அட்வான்ஸ், அடுத்த வாரமே கிரயம். "பத்திரம் பதிஞ்சாச்சு, இனி கவலையில்ல" என்று வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிதான் ஆபத்து என்கிறேன்.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, விற்கிறவருக்கு உண்மையில் உரிமை இருக்கா என்று தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளர் வேலை இல்லை. 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியது. விற்கிறவருக்கு உரிமை இல்லையென்றால், பதிஞ்ச பத்திரத்தாலும் உங்களுக்கு எதுவும் வராது. ஆகவே சரிபார்க்கும் வேலை முழுக்க நம்முடையது.

வில்லங்கச் சான்று போட்டாச்சே என்பீர்கள். அதில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். பதியாத உயில் வராது. பரம்பரைச் சொத்தில் பங்குள்ள மகள் கையெழுத்துப் போடலைன்னாலும் அதைப் பார்த்துத் தெரியாது. அதனால் மூலப்பத்திரத்திலிருந்து இன்று வரை சங்கிலி அறுபடாமல் இருக்கா, வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடுறாங்களா, பட்டா யார் பேரில் இருக்கு என்று பாருங்க. "பவர் இருக்கு" என்றால் அந்த பவர் இன்னும் ரத்தாகலையா, கொடுத்தவர் உயிரோடு இருக்காரா என்றும் கேளுங்க.

மனையாக இருந்தால் லேஅவுட் அங்கீகாரம் முக்கியம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, வாங்கி வைத்தவர்கள் விற்க முடியாமல் திண்டாடினார்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொன்று. அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது; வாரிசாகப் பெறலாம். அரூர் பக்கம் தென்னந்தோப்பு வாங்கணும்னு துபாயிலிருந்து கணக்குப் போடுகிறவர் இதை முதலில் தெரிஞ்சுக்கணும். அங்கேயே ஃபிளாட் வாங்கினாலும் அதே கவனம் வேணும். கட்டி முடிக்காத வீட்டுக்கு நாம் கட்டும் பணம் அந்தத் திட்டத்துக்கான எஸ்க்ரோ கணக்கில்தான் சேரணும் என்பது துபாயில் 2007-லேயே வந்த சட்டம்.

வில்லங்கச் சான்றும் பட்டாவும் இப்போ போன்லயே பார்க்கலாம். வீட்டில் அதைச் செய்யத் தெரிஞ்ச ஆள் நீங்கதான். சிவில் படிக்கிறவங்க புலப்படத்தை வெச்சு இடத்தை அளந்தே பார்க்கலாம். மீதியை நல்ல வக்கீலிடம் விடுங்க. அவர் ஃபீஸ் நிலத்தின் விலையில் தூசு.

அடுத்த முறை வீட்டில் அட்வான்ஸ் பேச்சு எழுந்தால், "பேப்பரைக் காட்டுங்க" என்று முதல் ஆளாகக் கேளுங்க. சின்னப் பையன், சின்னப் பொண்ணு, உனக்கென்ன தெரியும்னு சொல்வாங்க. சொல்லட்டும். பேப்பரைப் பார்க்காமல் மட்டும் பணத்தை எடுக்க விடாதீங்க.